சரிவில் கல் எவ்வளவு தூரம் போகும்

மகளே, இதை நின்றுகொண்டே படிக்காதே. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்து படி. உறையைப் பார்த்ததும், பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கல்யாணப் பேச்சு இதில் உண்டு, ஆனால் கடைசியில்தான் வரும். எட்டாம் வகுப்போடு நின்ற அப்பா இவ்வளவு நீளமாக எழுதுவாரா என்று சிரிக்கவும் செய்வாய். பதினேழு வருசம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, துரைக்கும் டவுன் ஆபீசுக்கும் எழுதி எழுதி என் கை பழகிவிட்டது. ஆனால் அந்தக் கடிதங்களில் எல்லாம் நான் அடுத்தவன் செய்த தப்பைத்தான் எழுதினேன். என் தப்பை எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் கேகாலையில் உன் போர்டிங்குக்கு வந்தேன் அல்லவா, அன்றைக்கு நீ இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, தாரை வார்ப்பது பற்றி. பெண்சாதி இல்லாத மனுசன் தாரை வார்க்கக் கூடாது, சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக நின்று செய்யட்டும் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நீ ஒரே பிடியாக நின்றாய். "எங்கப்பாதான் என் கையப் புடிச்சுக் குடுக்கணும். அதுக்குச் சம்மதம்னா கல்யாணம், இல்லன்னா வேணாம்" என்றாய். வெளியே வராந்தாவில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது விஷயத்தை நீ பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. மேசையில் பிள்ளைகளின் கொப்பிகள் அடுக்கியிருந்தன. உயர்தரப் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடக்கிறது என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். எறியம், அதாவது எறிந்த கல் போகிற பாதை, முடிந்தது, இனிச் சரிவான சாய்தளத்தில் எறியம், அதைப் பக்கத்து வகுப்பு சேர் வந்து எடுப்பார் என்றாய். ஏன், உனக்கு வராதா என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. "வரும்ப்பா. ஆனா என்னால அத வெளங்கற மாதிரிச் சொல்ல முடியாது. அன்னிக்கு நான் ஒழுங்கா எழுதியிருந்தா அம்மா இருந்திருப்பாங்க" என்றாய். பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாய். நானும் சாப்பிட்டேன்.  தெஹியோவிட்ட பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வரிதான் காதில் இருந்தது.

எட்டு வருசமாக அந்தப் பழியை நீ சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பாதிப் பொய். நீ யாருக்காவது சிங்களத்தில் மனு எழுதிக் கொடுத்தால் அதை மூன்று தடவை வாசித்துப் பார்ப்பாய். பிறகு சிங்கள டீச்சர் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லி, "வெளங்குதா, வெளங்குதா" என்று கேட்பாய். நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் அதைப் பார்த்து, படித்த பிள்ளை, கவனமான பிள்ளை என்று மெச்சுவார்கள். எங்கிருந்து அந்தக் கவனம் வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூடச் சேர்ந்து மெச்சினேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பாதியோடு எனக்கு மட்டும் தெரிந்த பாதியையும் சேர்க்க வேண்டும்.

மேல் மலையில் கல்குவாரி வந்த வருசம் நம் பக்கத்து ரப்பர் மரங்களை எல்லாம் மறுநடுகைக்காகப் பிடுங்கியிருந்தார்கள். குவாரியிலிருந்து மூன்றாம் லயம் வரைக்கும் மலை மொட்டையாக, ஒரே சரிவாக இறங்கியது. வெடி வைக்கப் போகிறார்கள் என்றதும் ஆட்கள் பயந்தார்கள். தோட்டத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். குவாரி முதலாளி நல்ல பேச்சுக்காரர். ஆற்றோரம் சமதரையில் இருந்த தன் பழைய குவாரியில் எத்தனையோ வருசம் வெடி வைத்ததாகவும், ஒரு கல்கூட இருநூறு மீட்டரைத் தாண்டியது இல்லை என்றும் சொன்னார். இங்கும் இருநூறு மீட்டரில் சிவப்புக் கம்பம் நடுவோம், சங்கு ஊதினால் கம்பத்துக்கு மேலே யாரும் நிற்கக் கூடாது, கீழே இருக்கிறவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். பஸ் ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் கொங்கிரீட் ரோடு போட்டுத் தருவதாக.

அந்த ரோட்டுக்காக நான் எத்தனை மனு எழுதியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெறுவதற்கு அம்மாவைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கியவர்களில் நானும் ஒருவன். ரோடு என்றதும் கல்லை மறந்துவிட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும் என்னைத் "தலைவர் மஹத்தயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். துரை வீட்டு நாற்காலியில் உட்காராத பரம்பரை நம்முடையது. கையெழுத்துப் போட்டேன். ஆட்கள் கை தட்டினார்கள். கோயிலில் மாலையும் போட்டார்கள்.

அந்த வார முடிவில், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நீ விடுதியிலிருந்து லீவுக்கு வீட்டுக்கு வந்தாய். பாகைமானியில் நூலைக் கட்டி, நூல் நுனியில் சின்னக் கல்லைக் கட்டி, ஒரு குச்சியை மலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பது பாகை என்றாய். கம்பத்திலிருந்து நம் வாசல்வரை அளக்க டேப் இல்லை என்று அம்மாவின் புடவையை எடுத்தாய். அவள் ஒரு நுனி, நீ ஒரு நுனி. ஐந்தரை மீட்டர் புடவை இருபத்து நான்கு தடவை விழுந்தது. ஜவுளிக்கடை வைக்கப் போறீங்களா என்று பெண்கள் எல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாய். நான் உள்ளே ரேடியோ கேட்பதுபோல் இருந்தேன், காது முழுக்க வெளியேதான். சமதரையில் கல் மேலே போய்க் கீழே வரும், தரை அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். இங்கே கல் கீழே வரும்போது தரையும் கீழே போய்விடும், அதனால் கல்லுக்குப் பறக்க இன்னும் நேரம் கிடைக்கும் என்றாய். கொப்பியைச் சாய்த்து, மலைக்கோட்டைப் படுக்கைக்கோடாக ஆக்கினாய். இப்போது தரை சமமாகிவிட்டது, ஆனால் ஈர்ப்பு சாய்ந்துவிட்டது என்றாய். அந்தச் சாய்ந்த ஈர்ப்பை இரண்டு கூறாகப் பிரித்தாய். ஒன்று தரையைப் பார்த்து, மற்றது சரிவோடு கீழே. முப்பது பாகையில் அந்த இரண்டாவது கூறு ஈர்ப்பில் சரிபாதி. கல் பறக்கிற நேரம் முழுவதும் அந்தப் பாதி அதை லயத்துப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்றாய். இரண்டு பக்கம் கணக்குப் போட்டு முடித்தபோது, இருநூறு மீட்டர் என்பது நானூறு ஆகியிருந்தது. நம் வாசல் முந்நூற்று முப்பத்திரண்டில் இருந்தது.

"அப்ப கம்பம் நம்ம லயத்துக்குக் கீழல்லவா இருக்கணும்" என்றாள் அம்மா. நீ அவள் கன்னத்தைக் கிள்ளி, பாஸாகிவிட்டீர்கள் என்றாய். கையெழுத்துப் போடத் தெரியாத அவளுக்கு விளங்கியது. உள்ளே இருந்த எனக்கும் விளங்கியது, மகளே. இதை நீ மறக்காதே. எனக்கு விளங்கவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. ஆபீஸ் கூட்டத்தில் இருந்த யாருக்கும் தோன்றாதது எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். காலையும் மாலையும் அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறவன் நான்தானே. சரிவிலேயே பிறந்து சரிவிலேயே வளர்ந்து, சமதரைக்காரன் சொன்ன அளவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ நான்கு நாள் உட்கார்ந்து, அகராதி பார்த்து, கடைத்தெருச் சிங்களத் தோழியிடம் கேட்டு, மூன்று பக்கம் சிங்களத்தில் எழுதினாய். படமும் போட்டாய். குவாரிக்கு அனுமதி கொடுக்கிற டவுன் ஆபீசில் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தாய். நான் பஸ் ஏறினேன். ஏறும்போது கொங்கிரீட் மெஷின் இரண்டாம் லயத்து வளைவுக்கு வந்திருந்தது. ரோடு அங்கே பாதியில் இருந்தது. இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் குவாரி நிற்கும், குவாரி நின்றால் ரோடும் அந்த வளைவிலேயே நிற்கும் என்று கணக்குப் போட்டேன். நானும் ஒரு கணக்குப் போட்டேன், பார். அதோடு, தலைவர் கையெழுத்துப் போட்டது தப்பு என்று தலைவரின் மகளே எழுதிக் கொடுத்தாள் என்று ஊர் பேசும். ஆபீஸ் வாசல் படலைவரை போனேன். எதிரே கடையில் தேத்தண்ணி குடித்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். காகிதம் என் பையிலேயே இருந்தது.

ஆமாம். நான் கொடுக்கவே இல்லை.

நீ வளைவில் காத்துக்கொண்டிருந்தாய். என்ன சொன்னார்கள் என்று கேட்டாய். வாசித்தார்கள், விளங்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். நீ கோபப்படுவாய், அழுவாய் என்று பார்த்தேன். நீ கேட்டது வேறு. "எந்த எடம் வெளங்கலயாம்ப்பா?" என்றாய்.  வாயில் வந்ததைச் சொன்னேன். "கணக்கு இல்ல, ஒன் சிங்களந்தான் சரியில்லயாம்" என்றேன். அப்படிச் சொன்னால் உனக்கு மனம் அவ்வளவாக நோகாது என்று அந்த நேரம் நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையை நீ எட்டு வருசம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய்.

அந்த மூன்று பக்கமும் இப்போது இல்லை. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். விசாரணைக்கு வந்தவர், முன்கூட்டி யாராவது எச்சரித்தார்களா என்று என்னைக் கேட்டார். இல்லைங்க என்றேன். அதனால் நான் இப்போது சொல்வதை நம்புவதற்கு உன் கையில் அத்தாட்சி எதுவும் கிடையாது. பொய் சொன்ன அதே வாய்தான் உண்மையும் சொல்கிறது.

தலைவர் பதவியை நான் விட்டபோது, பாவம், பெண்சாதி போன துக்கம் என்றார்கள். ரோடு முழுதாக வந்து சேர்ந்தது. அந்த ரோட்டில் முதலில் லயத்து வாசல்வரை வந்த வாகனம் கல் விழுந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வந்த ஜீப்தான். பின்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு குலுக்கல்கூட இல்லை. அவ்வளவு நல்ல ரோடு. நடுவழியில் அவள் போய்விட்டாள்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கல்யாணம் ஆகிப் போகிற பிள்ளைக்கு அப்பன் ஒன்றாவது சொல்ல வேண்டும். மாப்பிள்ளை நல்ல பையன், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். அவர் உன்னைக் கேலி செய்தால் சிரித்துக்கொள். ஆனால் நீ சரி என்று கண்ட ஒன்றைக் கேலிக்குப் பயந்து விட்டுவிடாதே. வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்காதே. நான் அம்மாவை அதட்டியதில்லை, அடித்ததில்லை, லயத்தில் எல்லாரும் அதைச் சொல்லி என்னை மெச்சுவார்கள். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. எனக்குக் கேலி போதுமாக இருந்தது.

உனக்குத் தெரியாத மிச்சத்தை இப்போது சொல்கிறேன். இதை எழுத மூன்று நாள் ஆனது. ஆபீஸ்காரர்களுக்கு உன் எழுத்து விளங்கவில்லை என்று கேட்ட பிறகு அம்மாவுக்கும் உன் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது, அதனால்தான் சங்கு ஊதியும் வாசலிலேயே நின்றாள் என்று நீ நினைக்கிறாய். துக்க வீட்டில் சித்தியிடம் நீ அப்படிச் சொல்லி அழுததை நான் கேட்டேன். அது பொய், மகளே. நீ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன பிறகும், ஒவ்வொரு தடவை சங்கு ஊதும்போதும் அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துச் சுவருக்குப் பின்னால் போய் நிற்பாள். மூன்று வாரம் அப்படிப் போனாள். நான்கைந்து பெண்களும் அவள் பின்னால் போக ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. மகளின் கணக்குக்குப் பயந்து ஓடுகிறாயா, தலைவர் வீட்டுப் பெண்பிள்ளையே ஓடினால் என் கையெழுத்தை யார் மதிப்பார்கள் என்று, பத்துப் பேர் கேட்க, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் வீட்டுக்குள் வந்து மெதுவாகத்தான் கேட்டாள். "புள்ள கணக்கு தப்புன்னா, நான் ஓடுனதுல என்னாங்க கொறஞ்சு போச்சு? சரின்னா?" என்றாள்.  நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இதை வாசிக்கப் போகிறேன். நான் ஏமாற்றியது உன்னை மட்டும் அல்ல, அந்தச் சரிவில் குடியிருந்த அத்தனை பேரையும். வேறு யார் வீட்டுப் பிள்ளை மேலும் அந்தக் கல் விழாதது என் நல்லகாலம், அவ்வளவுதான். முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் உனக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புகிறேன். கல்யாண நேரத்தில் இது வேண்டாம் என்று நீ தடுத்தாலும் நான் கேட்கப் போவதில்லை. அந்தச் சாய்தளப் பாடத்தை இனிமேல் நீயே எடு. நீ சொன்னபோது யாருக்கும் விளங்காமல் போகவில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில் மூன்று பேருக்கும் விளங்கியது.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நான் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக் காம்பரா வாசலில் இரண்டு மூன்று ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சங்குச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். போகவா என்றுதான் பார்த்தாள்.  நான் அந்த ஆட்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையைத் தூக்கி, அங்கேயே நில் என்று காட்டினேன். அவள் துணியை மறுபடி எடுத்தாள்.

ஆவணியில் உன் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும் என்று நீ பிடிவாதமாகக் கேட்டது இந்தக் கையைத்தான். சித்தப்பாவையும் சித்தியையும் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன். யார் செய்ய வேண்டும் என்று அவர்களிடம் சொல்லிவிடு. என்னிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

அப்பா